வீடு மாறினால் பெண்ணின் படிப்பு நின்றுவிடுவதா?

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்ப்பக்கங்களில் நமது மக்கள் ஒரு வீட்டைக் காலி செய்து மற்றொரு வீட்டுக்குக் குடிபோவதென்றால், அதற்கு எத்தனையோ ஏற்பாடுகள் செய்கின்றார்கள். பஞ்சாங்கம் பார்க்கின்றார்கள். வாசல் கிழக்கா தெற்கா என்று கேட்கின்றார்கள். சாமி படத்தையும் உப்பையும் மஞ்சளையும் எல்லாச் சாமான்களுக்கும் முந்திக் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சுகின்றார்கள். அம்மியும் கட்டிலும் ஆட்டுக்குட்டியும்கூட வண்டியில் ஏறிவிடுகின்றன. ஆனால் பிள்ளைகளின் படிப்பு மாத்திரம் அந்த வண்டியில் ஏறுகின்றதா என்று பார்ப்பார் இல்லை. ஏறினாலும் மகனுடைய படிப்பு ஏறுகின்றதே தவிர, மகளுடைய படிப்பு பழைய ஊரிலேயே விடப்பட்டுப் போகின்றது. இந்த அக்கிரமத்தைப் பற்றி நாம் இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

இப்பள்ளத்தாக்கு மக்களுக்குக் குடிமாறுவது என்பது புதிய சங்கதியல்ல. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிந்து தண்ணீர் கிழக்கே திருப்பப்பட்டது முதல், நெல்லையும் பின்னர் வாழையையும் திராட்சையையும் நம்பி இங்கே பிழைக்க வந்தவர்கள் அநேகர். அதுபோலவே இங்கிருந்து குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் பாடுபடுகின்றவர்களும் அநேகர். சிலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி இருட்டிய பின் இறங்குகின்றார்கள். சிலர் தோட்டத்து லயங்களிலேயே குடும்பத்தோடு இருந்து, பறிப்பு முடிந்ததும் இறங்கி வருகின்றார்கள். இன்னும் சிலர் வாடகை ஏறிவிட்டதென்றும், கடன் மிஞ்சிவிட்டதென்றும், ஆலையிலோ கடையிலோ வேலை கிடைத்ததென்றும் கிராமத்தைவிட்டுத் தேனிக்கும் கம்பத்துக்கும் வருகின்றார்கள். உழைக்கின்றவன் வேலை இருக்கும் இடத்திற்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை. அவன் போகும்போது அவன் பிள்ளைகள் எல்லோருடைய படிப்பும் கூடவே போக வேண்டுமா, வேண்டாமா என்பதே நமது கேள்வியாகும்.

உதாரணமாக, ஒரு கூலிக்காரத் தோழரை எடுத்துக் கொள்வோம். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண், ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். நடுவிலவன் பையன், ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். கடைசிக் குழந்தைக்கு நான்கு வயது. இவர் கிராமத்தைவிட்டுக் கம்பத்திற்கு வருகின்றார். வந்தவுடன் என்ன நடக்கின்றது? பையனுக்குக் கடன் வாங்கியாவது வேன் வரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் தேடுகின்றார்கள். “கடைசிக் குழந்தை சின்னது, அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம்” என்கின்றார்கள். தாயும் தகப்பனும் விடிகாலையில் வேலைக்குப் போய்விடுவதால் அந்தச் சின்னதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? மூத்தவள்தான். “இந்த ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும்” என்று சொல்லப்படுகின்றது. அந்த ஒரு வருஷம் ஒருபோதும் முடிவதில்லை. அது கல்யாணத்தில்தான் முடிகின்றது.

இதிலிருந்து என்ன விளங்குகின்றதென்றால், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே நாம் தலைமடை என்றும் கடைமடை என்றும் வைத்திருக்கின்றோம் என்பதாகும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை காய்வதுபோல, வீட்டில் சௌகரியம் குறைந்தால் பெண்ணின் படிப்புக் காய்கின்றது. வயலுக்காவது முறைப்பாசனம் என்று ஒன்று உண்டு. பெண்ணுக்கு அந்த முறைகூட இல்லை.

இனி, இப்படி நடப்பதற்குக் காரணங்கள் என்னவென்று பார்ப்போம்.

முதற் காரணம் பஞ்சாங்கம். “ஆனி அடி கோலாதே, கூனி குடி போகாதே” என்று நமக்கு ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கின்றார்கள். ஆனி ஆகாது, ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது, பங்குனி ஆகாது என்று வருஷத்தில் பாதியைச் சோதிடன் எடுத்துக் கொண்டான். பள்ளிக்கூடமோ ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றது. வைகாசியில் வீடு அமையாதவன் ஆனியும் ஆடியும் கழியட்டும் என்று காத்திருந்தால் ஆகஸ்டு மாதம் பாதி போய்விடுகின்றது. அதாவது சுமார் பத்து வாரப் படிப்பு நட்சத்திரத்திற்குத் தட்சிணையாகப் போகின்றது. அதுவரையில் பிள்ளைகள் பழைய பள்ளிக்கும் ஒழுங்காகப் போவதில்லை. புதிய பள்ளியிலும் பெயர் இல்லை. இதுவும் போதாதென்று, சின்னப் பிள்ளையை விஜயதசமியில் சேர்த்தால்தான் படிப்பு வருமென்று அக்டோபர் மாதம் வரையில் காத்திருக்கின்றவர்களும் உண்டு. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கப் பள்ளிகள் மார்ச்சு மாதம் 1ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கிவிட்டன. கதவு மார்ச்சில் திறந்தது. நம்மவர் நட்சத்திரம் பார்த்து அக்டோபரில் போகின்றார்!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்தரை மணி முதல் பன்னிரண்டு மணி வரையில் இராகு காலம் என்கின்றார்கள். அந்த நேரத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் பாடம் நடந்து கொண்டுதான் இருக்கின்றது. இராகு காலத்தில் கற்ற கணக்கு எந்தப் பிள்ளைக்காவது மறந்து போயிற்றா? எமகண்டத்தில் எழுதிய பரீட்சையில் எவனாவது அதனாலேயே தவறிப் போனானா? 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முல்லைப் பெரியாற்றுத் தகராறு மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல அடிக்கும் உதைக்கும் அஞ்சி மலையைவிட்டு இறங்கி வந்தன. அவர்கள் கார்த்திகையா மார்கழியா, சூலம் எந்தத் திசை என்று பார்த்துக் கொண்டா இறங்கினார்கள்? உயிருக்கு ஆபத்து வரும்போது தேவையில்லாத பஞ்சாங்கம், பிள்ளையின் படிப்புக்கு ஆபத்து வரும்போது மாத்திரம் எதற்காகத் தேவை?

இரண்டாவது காரணம் சாதி. புதிய ஊரில் வீடு கேட்டுப் போனால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னே “நீங்கள் என்ன ஆளுங்க?” என்ற கேள்வி வருகின்றது. ஆகவே ஏழை தனக்குப் பள்ளிக்கூடம் பக்கமாக இருக்கும் வீட்டைப் பார்ப்பதில்லை. தன் சாதிக்காரர் தெருவில் கிடைக்கும் வீட்டையே பார்க்க வேண்டியதாகின்றது. வீடு கிடைத்த பின்பு பள்ளிக்கூடத்திற்கும் அதே கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்க்கின்றான். கூப்பிடு தூரத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருந்தால், மேல்சாதி என்று சொல்லிக் கொள்ளுகின்றவன் அதைத் தாண்டித் தூரத்துப் பள்ளிக்குப் பையனை அனுப்புகின்றான். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாதென்று வீட்டில் நிறுத்திக் கொள்ளுகின்றான். அதுபோலவே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அச்சாதியாருக்கு மாத்திரமே என்று நினைத்து ஒதுங்குகின்றவர்களும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையான சட்டத்தை வைத்துக் கொண்டு வெள்ளைக்கார சர்க்கார் இந்தப் பக்கத்து மக்களை இராத்திரியில் தூங்கவிடாமல் கைரேகை எடுத்த காலத்தில் ஆரம்பமான பள்ளிகள் அவை. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் ஒழிந்தது. ஆனால் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நிலைத்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் அவை சேர்த்துக் கொள்ளுகின்றன. பெயர்ப் பலகையில் ஒரு சாதியின் பெயர் இருப்பதினாலேயே மற்றவன் வாசற்படி மிதிக்கத் தயங்குகின்றான் என்றால், அந்தப் பெயரால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கின்றோம்.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது வேறு. சரிசமமான இடம் கிடைப்பது வேறு. சேரன்மாதேவிக் குருகுலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஆனால் ஒரு சாதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனியாக இருந்தது. அதை எதிர்த்த கிளர்ச்சியில்தான் நம் இயக்கத்தின் வேர் இருக்கின்றது. நூறு ஆண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நாங்குநேரியில் என்ன நடந்தது? நன்றாகப் படித்த ஒரு மாணவனை உடன் படித்த மாணவர்களே சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஊரும் வீடும் பள்ளியும் மாறும்படி ஆயிற்று. அதன் பின்பு அரசாங்கம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024ஆம் ஆண்டு கொடுத்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாதென்றும், சாதியைக் காட்டும் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டி வரக் கூடாதென்றும் சொல்லியிருக்கின்றது. புதிதாக ஊருக்கு வந்த பிள்ளையைப் பார்த்து முதல் நாளே “நீ எந்தத் தெரு?” என்று கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டுமானால், அந்தச் சிபாரிசுகள் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. பெண் இன்னொருவன் வீட்டுக்குப் போகின்றவள், அவளுக்குச் செலவழிப்பது வீண் என்கின்ற எண்ணமே அது. வேன் கட்டணம் இல்லை, நோட்டுப் புத்தகத்திற்குப் பணம் இல்லை என்று பெண்ணை நிறுத்துகின்ற அதே தகப்பன், அவள் பெரியவளானால் பந்தல் போட்டு, மைக்கு வைத்து, ஊருக்கெல்லாம் சீட்டு அடித்துச் சடங்கு செய்கின்றான். அதற்குக் கடன் கிடைக்கின்றது! தாய்மாமன் சீர் வருகின்றது, மொய் வருகின்றது என்று கணக்குச் சொல்லுகின்றான். அந்த மொய் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடனேயல்லாமல் வேறென்ன? ஒரு பெண்ணின் உடம்பில் இயற்கையாக நடக்கும் மாறுதலை ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்கப் பணம் இருக்கும்போது, அவள் அறிவு வளர்வதற்குப் பணம் இல்லை என்றால் அதை யார் நம்புவார்கள்?

கல்விக்குத் தெய்வம் பெண் என்று சொல்லி, புத்தகத்தை அடுக்கிப் பூப்போட்டுக் கும்பிடுகின்றவர்களும் இவர்களேதான். கல்விக்கு அதிகாரியே பெண் என்றால், வீட்டில் உள்ள பெண்ணுக்கு ஏன் கல்வி இல்லை? பதுமையின் கையில் ஏடு, மகளின் கையில் துடைப்பம்! இதற்கு வைதீகர்கள் என்ன சமாதானம் சொல்லுகின்றார்கள்? ஒரு சமாதானமும் இல்லை. சாத்திரம் பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் படிப்பு ஆகாதென்று சொன்னதை நம்மில் சூத்திரன் மாத்திரம் மறுத்துவிட்டு, தன் வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் அதே சாத்திரத்தைக் காப்பாற்றுகின்றான். இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை நமது தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டு நிறைவேறி 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று இருக்கின்றது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு வரையில் அது பொருந்தும். அதன் 5ஆம் பிரிவின்படி, மாகாணத்திற்குள்ளேயோ வெளியிலிருந்தோ, எந்தக் காரணத்திற்காகப் பள்ளி மாற வேண்டியிருந்தாலும், அரசாங்கப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ மாறிச் சேரப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இடுக்கியிலிருந்து கம்பத்திற்கு இறங்கினாலும் அந்த உரிமை இறங்கி வரும். டி.சி. என்று சொல்லப்படும் மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமாயிற்று என்பதைக் காரணமாகச் சொல்லிப் புதிய பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. 14ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்று தள்ளக் கூடாது. 15ஆம் பிரிவின்படி, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டதென்று தள்ளக் கூடாது. 13ஆம் பிரிவின்படி, நன்கொடை கேட்கவும் கூடாது. சேர்ப்பதற்குப் பரீட்சை வைக்கவும் கூடாது. படிப்பை விட்டுவிட்ட பிள்ளையை 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். இடம் பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்லுகின்றது.

இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் கூலிக்காரத் தாய் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றால், “டி.சி. எங்கே, ஆதார் எங்கே, இப்போது வந்து கேட்கிறாயே” என்ற பேச்சுத்தான் பல இடங்களில் கிடைக்கின்றது. இப்பொழுது எமிஸ் என்ற கணினிப் பதிவு வேறு வந்திருக்கின்றது. பழைய பள்ளி அதிலிருந்து பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும் என்கின்றார்கள். ஏற்றட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவு வரும் வரையில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாமே! மனிதன் தன் சௌகரியத்திற்குச் செய்து கொண்ட கருவியை ஒரு புதிய சாமியாக்கி, அது வரம் கொடுத்தால்தான் பிள்ளை உள்ளே வரலாம் என்பது பகுத்தறிவாகாது, சட்டமும் ஆகாது.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. அவற்றை மறைக்க நாம் விரும்பவில்லை. முதலாவது, தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்பது நுழைவு வகுப்புக்கு மாத்திரம் உண்டு. ஓர் ஊரில் அந்த இடத்தில் படித்து வந்த பிள்ளை வேறு ஊருக்குப் போனால் அந்த இடம் கூட வராது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கலில் எடுக்கின்றார்கள். அக்காளுக்குக் கிடைத்தது தம்பிக்கும் கிடைக்கும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆகவே அதை நம்பி வீடு மாறுவது பரிசுச் சீட்டை நம்பி வீடு வாங்குவது போலாகும். இரண்டாவது, மிகப் பெரிய ஓட்டை, பதினான்கு வயதோடு சட்டம் கையைக் கழுவிக் கொள்ளுகின்றது என்பது. பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் வயதும், வீட்டார் அவளை நிறுத்தப் பார்க்கும் வயதும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. எந்த இடத்தில் சட்டத்தின் கை மிகவும் தேவையோ, அந்த இடத்தில் அது விட்டுவிடுகின்றது.

இன்னொரு விசித்திரத்தைப் பாருங்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஊர் மாற்றப்பட்டால் அவர்கள் பிள்ளைகள் படிப்புக் கெடக் கூடாதென்று 1963ஆம் ஆண்டு முதல் கேந்திரிய வித்தியாலயம் என்ற பள்ளிகள் நடக்கின்றன. எத்தனை முறை மாற்றப்பட்டார் என்று கணக்குப் பார்த்து முன்னுரிமை கொடுக்கின்றார்கள். நல்லது, செய்யட்டும். ஆனால் உத்தரவின்மேல் ஊர் மாறுகின்றவன் பிள்ளைக்கு இருக்கும் முன்னுரிமை, பசியின்மேல் ஊர் மாறுகின்றவன் பிள்ளைக்கு ஏன் இல்லை? இங்கிலாந்தில் அண்ணனோ அக்காளோ படிக்கும் பள்ளியில் தம்பி தங்கைக்கு முன்னுரிமை என்று அநேக பள்ளிகள் விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டத்தின்படி, வீடில்லாத பிள்ளையைக்கூடக் காகிதம் எதுவும் இல்லாமலேயே உடனே சேர்த்துக் கொள்ள வேண்டும். அங்கே முடிகின்ற காரியம் இங்கே ஏன் முடியாது?

“இதெல்லாம் சரி, பெண்ணைப் புதிய ஊரில் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறதே” என்று சிலர் சொல்லுவார்கள். பயம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கு மருந்து பெண்ணைப் பூட்டி வைப்பதா? அண்ணனையும் தங்கையையும், அக்காளையும் தம்பியையும் ஒரே பள்ளியில் சேர்த்தால் இருவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவார்களே! பையனை மாத்திரம் வேனில் ஏற்றித் தனியாக அனுப்பிவிட்டு, பெண்ணுக்குத் துணையில்லை என்று அழுவது என்ன நியாயம்? ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று ஊருக்கு இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதும் இந்தச் சங்கடத்தைக் கூட்டுகின்றது. வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாகப் படித்தால் கெட்டுப் போவார்கள் என்பது மூடத்தனம். ஆணும் பெண்ணும் கலந்து படிக்கும் பள்ளிகளே பெருக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

“இங்கிலீஷ் வேண்டுமே, அதனால்தான் பையனைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறோம்” என்பார்கள். அரசாங்கப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் படிப்படியாக இங்கிலீஷ் வழி வகுப்புகள் வந்திருக்கின்றன. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்திற்கு முன்பு, மாநிலப் பாடம், மெட்ரிக் பாடம், ஆங்கிலோ இந்தியன் பாடம், ஓரியண்டல் பாடம் என்று நான்கு விதமாக இருந்தது. பள்ளி மாறிய பிள்ளை புத்தகம் மாறித் திண்டாடியது. இன்று மாநிலப் பாடத்திட்டத்தில் கூடலூரில் விட்ட பக்கத்திலிருந்து தேனியில் தொடரலாம். மேலும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் 2020ஆம் ஆண்டு முதல் ஒதுக்கப்படுகின்றது. அதே வகுப்புகளை அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு வந்தது. வீடு மாறும்போது பெருமைக்காக ஒரு வருஷம் வேறு பள்ளிக்கு அனுப்பினால், அந்தத் தொடர்ச்சி அறுந்து போகும். இதை எத்தனை தகப்பன்மார் யோசிக்கின்றார்கள்?

“சின்னக் குழந்தையை யார் பார்ப்பது?” என்பார்கள். அங்கன்வாடி எதற்கு இருக்கின்றது? 1975ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் திட்டம் அது. சின்னதை அங்கன்வாடியில் சேர்த்தால் பெரியவள் பள்ளிக்குப் போகலாம். ஆகவே பெரிய பெண்ணின் படிப்புக்கு முதல் ஏற்பாடு, கடைசிக் குழந்தைக்கு இடம் பார்ப்பதுதான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் காலைச் சாப்பாடு 2022ஆம் ஆண்டு தொடங்கி அரசாங்கப் பள்ளிகளில் கொடுக்கப்படுகின்றது. விடியுமுன் ஜீப் ஏறுகின்ற தாய்க்கு, மகள் அடுப்பு மூட்ட வேண்டும் என்ற காரணமும் பாதி குறைந்து போயிற்று. மலைமேல் குடும்பத்தோடு தங்குகின்றவர்களுக்கு அரசாங்க விடுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு 2025ஆம் ஆண்டு சமூகநீதி விடுதிகள் என்று பெயரும் வைத்தாயிற்று. பையனை விடுதியில் சேர்க்கும் கை, பெண்ணையும் சேர்க்கட்டும்.

ஆகவே அரசாங்கத்தாருக்கு நாம் சொல்லுவது இதுதான். கட்டாய இலவசக் கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் நீட்ட வேண்டும். ஊர் மாறி வரும் குடும்பம் ஒரு பள்ளியில் போய் நின்றால், அந்தத் தலைமையாசிரியரே அக்குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுதிக் கொண்டு, வேறு பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையை அந்தப் பள்ளிக்குச் சீட்டெழுதி அனுப்ப வேண்டும். பையன் சேர்ந்தான், அக்காள் எங்கே என்று கேட்கும் பொறுப்பு அவருக்கு இருக்க வேண்டும். இதற்குப் புதிய இலாகா ஒன்றும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் அக்கறையும் போதும். 1953ஆம் ஆண்டு பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மீதி நேரத்தில் அப்பன் தொழிலைச் செய் என்று ஆச்சாரியார் திட்டம் போட்டபோது நாடே எதிர்த்து அதை 1954இல் ஒழித்தது. அன்று குலக்கல்வி என்று கொதித்தோம். இன்று பெண்ணை வீட்டில் நிறுத்தி அம்மாள் தொழிலைச் செய்ய வைப்பதற்கு என்ன பெயர்?

தோழர்களே! சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியாது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்த இயக்கம் நமது இயக்கம். நிலத்தில் பங்கு கேட்ட நாம், பள்ளிக்கூடப் பெஞ்சில் பங்கு கேட்காமல் இருப்பதா? உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் என்ன சாதி என்று கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று கேளுங்கள். பள்ளிக்கூட வழி தெரியாத தாய்க்குத் துணையாகப் போங்கள். டி.சி. இல்லை என்று திருப்பினால் 5ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுதிக் கொடுங்கள். கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும், குழந்தைகளைக் காக்கும் 1098 என்ற எண்ணும் ஒவ்வொரு படிப்பகத்துச் சுவரிலும் எழுதப்படட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லுகின்றது. நமது தோழர்களின் மனைவிமார்களும் சகோதரிகளும் அதில் உட்காரட்டும்; எந்தப் பெண் வகுப்பிலிருந்து காணாமற் போனாள் என்று அங்கே கேட்கட்டும்.

பெற்றோர்களே! உங்களுக்குச் சொல்லுவது இன்னும் சுருக்கம். வீடு பார்க்கும்போது வாசல் எந்தத் திசை என்று கேளாமல், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஆனியோ ஆடியோ, பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் அழைத்துக் கொண்டு போய்ச் சேருங்கள். அதில் மூத்த பெண்ணின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். அவள் பெயர் பதிவாகும் வரையில் நீங்கள் அந்த ஊருக்குக் குடிவந்ததாகவே எண்ண வேண்டாம்.